மகளைத் தாதிப் படிப்பில் சேர்க்கலாமா? – கடிதம்

வணக்கம் அக்கா,

மகள் பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டாள். இங்கே கடைவீட்டு மாடியில் ஒரு சின்னக் கல்லூரி, ஓராண்டு ‘பிராக்டிகல் நர்ஸ்’ படிப்பு, முடித்தால் கனடா போகலாம் என்கிறார்கள். அவளுக்கு ஆசைதான். ஆனால் ஊரார் மலமூத்திரம் அள்ளவா ரப்பர் பால் வெட்டி இவளைப் படிக்க வைத்தேன் என்று இருக்கிறது. இரவு வேலை வேறு. சேர்க்கலாமா?

– ஒரு தகப்பன், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

கனடா பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே பிராக்டிகல் நர்ஸ் என்பது உரிமம் பெற்றுச் செய்கிற வேலை. அமெரிக்காவில் ஏறக்குறைய ஓராண்டு, கனடாவில் பெரும்பாலும் இரண்டாண்டு படித்து, அப்புறம் உரிமத் தேர்விலும் தேற வேண்டும். அந்த உரிமத்துக்குக் கடைவீட்டு மாடியில் இருப்பவர்கள் வாக்குக் கொடுக்க முடியாது. நம் மலேசியாவில் பதிவுபெற்ற தாதியாக மூன்றாண்டு டிப்ளோமா, பிறகு தாதியர் வாரியத் தேர்வு. ஓராண்டுச் சான்றிதழோடு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேரலாம், அவ்வளவுதான்.

இரவு வேலையா? விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர் கேட்கிற கேள்வியா இது? விடுங்கள்.

ஆனால் அந்த ‘அள்ளவா’ என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. கோபமே வந்தது. என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். பக்கவாதத்தில் விழுந்து மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு பயிற்சித் தாதி வருவாள், நம் பிள்ளை, உங்கள் மகள் வயதுதான் இருக்கும். அம்மாவைத் துடைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுத்தண்டின் அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். எதற்கம்மா என்று கேட்டேன். படுக்கைப்புண் வருகிற இடம் முதலில் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது, ஆனால் நம்முடைய கறுத்த தோலில் அந்தச் சிவப்பு லேசில் தெரியாது ஆன்ட்டி, அதனால் சூடாக இருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று தொட்டுத்தான் கண்டுபிடிக்கணும் என்றாள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். இரண்டு மணிக்கொரு தரம் வந்து புரட்டிவிட்டாள்.

மலம் அள்ளுகிறவள்தான் தம்பி முதலில் பார்க்கிறாள். தார் மாதிரி கறுத்துப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று அவள்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மூத்திரம் குறைந்து அடர் மஞ்சளானால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அவள்தான் சொல்ல வேண்டும். டாக்டர் வந்து நிற்பது சில நிமிடம். மிச்ச நேரமெல்லாம் நோயாளி இவள் கையில். துடைப்பதும் புரட்டுவதும் படிப்பு, மூளையைக் கேட்கிற படிப்பு. நாளைக்கு நீங்களும் நானும் படுத்தால் அந்தக் கைக்காகத்தான் காத்துக் கிடப்போம். அதை இழிவு என்று மகள் காதுபட இன்னொரு முறை சொல்லாதீர்கள்.

மறந்தே போனேன், சேர்க்கலாமா என்றுதானே கேட்டீர்கள். அவளையும் கூட்டிக்கொண்டு அந்த மாடிக்குப் போங்கள். அவளே கேட்கட்டும்: இந்தப் படிப்புக்குத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, எந்த மருத்துவமனை வார்டில் பயிற்சி, அங்கே சொல்லித்தருவது யார்? பொம்மையை வைத்து மட்டும்தான் பயிற்சி என்றால், பதிலை மழுப்பினால், பணம் கட்டாமல் இறங்கி வந்துவிடுங்கள். மூன்றாண்டு டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம், அங்கீகாரமுள்ள கல்லூரியென்றால் அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் வழி உண்டு.

அன்புடன்,
அக்கா