ஃபோர் வீல் லீவரைக் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேளுங்கள்

கேள்வி: ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது. வழியில் ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் டிராக்டர் தவிர வேறு எதுவும் போகாது. அதற்கும், பிள்ளைகளை வேலூருக்கு அழைத்துப்போய் வருவதற்கும் சேர்த்து ஒரே வண்டியாகப் பழைய மஹிந்திரா தார் வாங்கலாம் என்றிருக்கிறேன். சத்துவாச்சாரியில் 2016 மாடல் தார் சிஆர்டிஇ (டீசல் ரகம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 78,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர். இதே வண்டியை வைத்திருந்த மூன்று பேரிடம் விசாரித்தேன். "கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார் ஒருவர். "செலவு தாங்காது, கிட்டப் போகாதே" என்கிறார் இன்னொருவர். "ஃபோர் வீல் போட்டதே இல்லை, எந்தத் தொந்தரவும் வந்ததில்லை" என்கிறார் மூன்றாமவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூன்று பேர் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும். ஸ்விஃப்ட் வைத்திருக்கிற பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், ஏனென்றால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ரோட்டில் ஓட்டுகிறார்கள். நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தியை அனுப்பக்கூடிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி அப்படியில்லை. ஒருவர் காட்பாடியிலிருந்து ஆபீசுக்குப் போய் வந்திருப்பார். இன்னொருவர் ஜவ்வாதுமலையில் லோடு ஏற்றி இறக்கியிருப்பார். மாடல் ஒன்றுதான், இரண்டு வண்டியும் பட்ட பாடு வேறு. அதனால் ஓனர்களிடம் "வண்டி எப்படி?" என்று கேட்காதீர்கள். எங்கே ஓட்டினார், ஃபோர் வீல் லீவரை எந்த இடத்தில் போட்டார், கடைசியாக எந்தப் பாகத்தை மாற்றினார், எந்த ஷெட்டில் விட்டார், ஏன் விற்றார் என்று கேளுங்கள். அந்தப் பதில்களிலிருந்து உங்கள் ஓடைக்கும் உங்கள் பாதைக்கும் ஒத்துவருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"செலவு தாங்காது" என்றவரிடம் முதலில் டயர் சைஸ் கேளுங்கள். சிஆர்டிஇ கம்பெனியிலிருந்து 235/70 ஆர்16 டயரோடு வந்தது. தோற்றத்துக்காகப் பெரிய டயர் போட்டு, அதற்கு இடம் வேண்டும் என்று வண்டியை உயர்த்தியவர்கள் நிறையப் பேர். உயர்த்தினால், ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்ட் நிற்கும் கோணம் கூடுகிறது, அதன் முனையிலுள்ள கிராஸ் என்ற மூட்டு சீக்கிரம் போகிறது. பெரிய டயரைச் சுழற்றக் கிளட்ச்சும், ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரமும் கூடுதலாகப் பாடுபடுகின்றன. முன்பக்க ஜாயிண்டுகளின் ரப்பர் உறை கிழிகிறது. அவருடைய செலவுப் பட்டியலில் பாதி இப்படி வந்திருந்தால் அது மாடலின் குற்றமில்லை. நீங்கள் பார்க்கப்போகும் வண்டியிலும் இதே வேலை செய்யப்பட்டிருந்தால், பழைய சஸ்பென்ஷனும் பழைய டயரும் கூட வருமா என்று கேளுங்கள். வராது என்றால் அந்த வண்டியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாமவரின் பேச்சுதான் கேட்க இனிமையாக இருக்கும், அதில்தான் ஏமாந்துபோவோம். "ஃபோர் வீல் போட்டதே இல்லை" என்பதை விற்கிறவர்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். வருஷக்கணக்கில் அசையாத லீவர் துருப்பிடித்து இறுகிவிடும். சீல்கள் காய்ந்திருக்கும். சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலும், வளைவில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் முன் டிஃபரன்ஷியலின் ஆயிலும் கம்பெனியில் ஊற்றியதாகவே இருக்கலாம். சில மாடல்களில் முன் ஹப்பைப் பூட்டுவது வேக்யூம் குழாய். அந்த ரப்பர் குழாய் வெடித்துவிட்டால் லீவர் விழும், முன் சக்கரம் இழுக்காது. கார்த்திகை மழையில் ஓடை நடுவே நின்றுகொண்டுதான் அதைத் தெரிந்துகொள்வீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. தார் போன்ற வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும்போது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்கின்றன, நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடப் பெரிய வட்டம் போடும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லை, அழுத்தம் முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸிலும் கிராஸிலும் முறுக்கிக்கொண்டு நிற்கும். பழைய ஓனர் யாராவது "ஏலகிரி ஏறும்போது நல்ல கிரிப்புக்காக ஃபோர் வீல்தான் போடுவேன்" என்றால், நல்ல மனிதராக இருப்பார், அவர் வண்டி மட்டும் வேண்டாம். நாலு டயரும் ஒரே சைஸாகவும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்ததாகவும் இருக்கவேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

இனி சத்துவாச்சாரி வண்டிக்கு வருவோம். காலையில் போங்கள், முன்கூட்டி ஸ்டார்ட் பண்ணிவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். எஞ்சின் பரிசோதனை எல்லா டீசல் வண்டிக்கும் உள்ளதுதான், உங்கள் மெக்கானிக்குக்கே தெரியும். ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். வேலூர் சித்திரை வெயிலில், லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நிலை) ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது. ஃபேன் சரியாகப் பிடிக்கிறதா, பழைய கூலன்ட்டில் துரு நிறம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு வண்டிக்கு அடியில் படுக்கவேண்டும். சமதளத்தில் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, பிரொப்பல்லர் ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் கைக்கே தெரியும். கிராஸின் நாலு மூடியையும் சுற்றிச் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் காய்ந்து பேரிங் அரைபடுகிறது என்று பொருள். பக்கத்தில் படிந்திருப்பது ரோட்டுப் புழுதி, இது துரு. விரலில் தேய்த்தால் வித்தியாசம் தெரியும். அப்படியே டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபில்லர் நட்டைக் கழற்றி விரலை உள்ளே விடுங்கள். ஆயில் கறுத்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் மினுமினுக்கும் இரும்புப் பொடி ஒட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முன், பின் டிஃபரன்ஷியலிலும் இதையே செய்யுங்கள். ஃபில்லர் நட்டைக் கழற்ற விடமாட்டேன் என்கிற ஓனரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பல, வெளியூர்களுக்கு வந்து கைமாறியிருக்கின்றன. 2021 நவம்பரில் நம் பாலாற்றிலேயே வெள்ளம் வந்ததைப் பார்த்தோம். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், சீட் பொருத்திய போல்ட்டுகளையும் டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஒயர் சாக்கெட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டல் கோடு அங்கே தங்கியிருக்கும். கேன்வாஸ் டாப் வண்டி என்பதால் தாரில் மழைத் தண்ணீர் கசிந்து தரைத்தகடு துருப்பிடிப்பது சாதாரணம். அதை வெட்டி ஒட்டலாம். சேசிஸில் வெல்டிங் தழும்போ, புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்டோ இருந்தால் ஒட்டுப்போடும் சமாசாரம் இல்லை, விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது தார் ரோட்டில் முடிந்துவிடக் கூடாது. பக்கத்துக் கடை வரைக்கும் ஒரு ரவுண்டு என்றெல்லாம் ஒப்புக்கொள்ளாதீர்கள். காய்ந்த ஏரி உள்வாயோ, உங்கள் ஓடை மணலோ, அங்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். 4ஹெச் (நாலு சக்கரமும், சாதாரண வேகம்) போட்டதும் டேஷ்போர்டில் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் லீவர் விழுந்தது என்று மட்டும்தான் பொருள். ஒருவர் இறங்கி நின்று, இளகிய மணலில் வண்டி கிளம்பும்போது முன் சக்கரங்கள் மண்ணைத் தள்ளுகின்றனவா என்று கண்ணால் பார்க்கவேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒருபக்கம் ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள், பிறகு மறுபக்கம். "டக் டக் டக்" என்று சீராகச் சத்தம் வந்தால் முன் ஜாயிண்ட் போயிருக்கிறது. அடுத்து வண்டியை நிறுத்தி 4எல் (நாலு சக்கரமும், லோ ரேஞ்ச்) போடுங்கள். முதல் கியரில் ஒரு சரிவில் இறக்குங்கள், ஆக்சிலரேட்டரில் காலே வைக்காதீர்கள். வண்டி தானாகவே பிடித்துக்கொண்டு ஊர்ந்து இறங்கவேண்டும். பாதியில் லீவர் தானாக எகிறி நியூட்ரலுக்கு வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே தேய்ந்திருக்கிறது, பெரிய செலவு. 2015-க்குப் பிந்திய சிஆர்டிஇயில் பின் ஆக்சிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் உண்டு. ஒரு பின் சக்கரம் மட்டும் இளமணலில் சும்மா சுற்றும்படி செய்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு "டக்" சத்தத்தோடு மறு சக்கரமும் சேர்ந்து இழுக்கவேண்டும். உங்கள் ஓடைக்கு ஃபோர் வீலைவிட இதுதான் சில நாள் கைகொடுக்கும். திரும்பி ரோட்டுக்கு வருமுன் 2ஹெச்சுக்கு (பின் சக்கரம் மட்டும்) மாற்றுங்கள். லீவர் வர மறுத்தால் பதற வேண்டாம், சில அடி ரிவர்ஸ் போனால் முறுக்கு விடுபட்டு வந்துவிடும். அப்போதும் வராவிட்டால்தான் கோளாறு.

78,000 என்ற கணக்கை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள். 4எல்லில் எஞ்சின், அதே கியரில் அதே தூரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுற்றுகிறது. மலையில் ஊர்ந்த வண்டிக்கு மீட்டர் குறைவாகக் காட்டும், தேய்மானம் அதிகம் இருக்கும். கிளட்ச் பெடல் ரப்பரும் டிரைவர் சீட் ஓரமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். முதல் ஓனர் யார், எந்த ஊர் என்று விசாரியுங்கள். கடற்கரை ஊர் என்றால் சேசிஸை இரண்டு முறை பாருங்கள்.

இப்போது பிள்ளைகள் விஷயம். நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியே ஆகவேண்டும். 2016 தார் சிஆர்டிஇயில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. பின் சீட் பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கும், பிள்ளைகள் அதில்தான் உட்காரவேண்டும். பள்ளிகொண்டாவில் ஏறி வேலூர் வரை லாரிகளும் பஸ்களும் பறக்கிற நேஷனல் ஹைவேயில் அப்படிப் பிள்ளைகளை உட்காரவைத்துப் போவதை நான் ஏற்கமாட்டேன். நிலத்துக்குத் தனி வண்டி என்றால் இந்தத் தார் பொருத்தம். குடும்பத்துக்கும் அதுவே என்றால் பட்ஜெட்டை ஏற்றி, 2020 அக்டோபருக்குப் பிறகு வந்த புதிய தாரில் முன்பக்கம் பார்த்த பின் சீட் உள்ளதைப் பாருங்கள். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது 4 ஸ்டார் வாங்கியது. ஆனால் 2023 ஜனவரியிலிருந்து அதே உருவத்தில் டூ வீல் டிரைவும் விற்கப்படுகிறது. கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த மாருதி ஜிம்னியில் எல்லா வேரியண்ட்டும் ஃபோர் வீல்தான், லோ ரேஞ்சும் ஆறு ஏர்பேக்கும் உண்டு. பெட்ரோல் வண்டி, லோடு ஏற்ற ஆகாது.

ஓடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உத்திரகாவிரியில் சேரும் ஓடைகள் மலையில் பெய்த மழைக்கு இங்கே திடீரென்று பெருகும். முழங்காலுக்கு மேல் இழுத்து ஓடும் தண்ணீரில் எந்த ஃபோர் வீலையும் இறக்காதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு நிற்கும் சேற்றிலும் ஈர மணலிலும்தான் அதற்கு வேலை. வருஷத்தில் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் என்றால், டிராக்டரை நம்பிக்கொண்டு பாதுகாப்பான சாதாரண கார் வாங்குவதும் தப்பில்லை. முத்துக்குமரன் மலை வழியாகப் பீஞ்சமந்தைக்கு ஏறுகிற டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த மாதத்தில் எந்த வண்டி ஏறும் என்று அவர்களைப் போல யாராலும் சொல்ல முடியாது. நல்ல மெக்கானிக் யார் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

காகிதங்கள். ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும், 2016 வண்டிக்கு 2031 வரை. பேங்க் லோன் பாக்கி இருந்தால் ஃபாரம் 35 கொடுத்து ஹெச்.பி. (ஆர்.சி.யிலுள்ள கடன் பதிவு) கேன்சல் ஆனபிறகே முழுப் பணம் கொடுங்கள். டிஎன்-23 (வேலூர்), டிஎன்-73 (ராணிப்பேட்டை) வண்டி என்றால் பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 போதும். ஆந்திரா, கர்நாடக வண்டி என்றால் ஃபாரம் 28 என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) இங்கே லைஃப் டேக்ஸும் சேரும். எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுமுன் அதைக் கூட்டிப் பாருங்கள். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசலுக்குக் கட்டுப்பாடுகள் வந்ததால் அங்கிருந்தும் வண்டிகள் வருகின்றன, அதற்கும் இதே கணக்குதான். முன்னால் புல் பார் மாட்டியிருந்தால் சட்டப்படி கூடாது, கழற்றச் சொல்லிவிடுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே சொந்தம், உங்களுக்கு வராது. பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தையும், வண்டி கைக்கு வந்ததும் எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் எல்லாவற்றுக்கும் ஆயில் மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேசவேண்டும்.