வெறுங்கிண்ணம் திரும்பாத தெரு

கேள்வி: நான்கு வயதுப் பேத்திக்காக எங்கள் குடும்பமும் தெருவும் வருகிற படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கையாலேயே செய்கிறேன். 'அன்பு', 'ஒற்றுமை' என்று எழுதிய பக்கங்களில் குழந்தை நெளிகிறாள். எப்படி மாற்றுவது? எப்படிக் கட்டுவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிடுங்கள். நான்கு வயதுக்கு ஒற்றுமை தெரியாது, கிண்ணம் தெரியும். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் வழக்கம்தானே, அதையே கதையாக்குங்கள். பாட்டி எவர்சில்வர் கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்புகிறார். அது முருங்கைக்கீரையோடு மூன்றாம் வீட்டுக்குப் போய், வீடு வீடாகச் சுற்றி, மல்லிகைப்பூவோடு பாட்டியிடமே வந்து சேர்கிறது. கிண்ணத்தின் விளிம்பில் சின்ன நசுங்கல் ஒன்று வரைந்து, எல்லாப் பக்கத்திலும் விடாமல் காட்டுங்கள். குழந்தை விரல் வைத்துத் தேடுவாள். படத்தில் பாட்டி சிரித்தால், 'பாட்டி சிரித்தாள்' என்று எழுத வேண்டாம்.

நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம். முதலும் கடைசியும் அட்டை. கதைக்கு ஏழு விரிபக்கம், அதாவது புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டிரண்டு பக்கங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: எதிரெதிர்ப் பக்கங்களில் 8, 9 மட்டுமே ஒரே தாளில் வரும். 2ஆம் பக்கத்துக்குத் தாளில் ஜோடி 15, 3 அல்ல. அதனால் தெருவே கூடி நிற்கும் பெரிய படத்தை நடுப்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் மடிப்புக்கோட்டில் முகம் வேண்டாம், தையல் மூக்கில் விழும். வெற்றுத்தாளை மடித்துப் பக்க எண் போட்ட மாதிரிப் புத்தகம் ஒன்று கையில் இல்லாமல் வரையத் தொடங்காதீர்கள்.

சாதாரண ஜெராக்ஸ் தாளில் வாட்டர்கலர் பின்பக்கம் ஊறும்; கலர் பென்சில் போதும். மடிப்பில் நடுவே ஒரு துளை, அதற்கு மேலும் கீழும் 5 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே, கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே கொண்டுவந்து முடிச்சிடுங்கள்.

'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' வேண்டாம், 'விளையாடினார்கள்' போதும். வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். 'கிண்ணம் எங்கே?' என்ற கேள்வி வலப்பக்கத்தின் அடியில் இருக்கட்டும். பதில் புரட்டினால் வரட்டும்.

கேள்வி: இலவசத் தமிழ்ப் படக்கதைகள் எங்கே கிடைக்கும்?
– வாசகர், தேனி

பதில்: குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில். வாசிப்பு நிலை வாரியாகத் தேடலாம், அச்சிடலாம். எழுத்தாளர், ஓவியர் பெயர் உள்ள பக்கத்தையும் சேர்த்தே அச்சிடுங்கள்.