குழுவில் கேட்டால் பதில் வராதது ஏன்?

கேள்வி: புரோகிராமிங் சாட் குழுவில் "பைத்தான் மொழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு சந்தேகம்" என்று கேட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. நான் புதியவன் என்பதாலா?

பதில்: இல்லவே இல்லை. சந்தேகம் என்னவென்று தெரியாமல் "நான் இருக்கிறேன்" என்று சொல்ல யாருக்கும் தயக்கம்தான். நேராகக் கேள்வியையே போடுங்கள். என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன நடந்தது, பைத்தானின் எந்த வெர்ஷன் என்பதெல்லாம் அதிலேயே இருக்கட்டும். பிழைச் செய்தியை முழுசாக ஒட்டுங்கள். பைத்தானில் அதன் கடைசி வரிதான் பிழையின் வகையைச் சொல்லும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதிலுள்ள கோடை ஓட்டிப் பார்க்க முடியாது. கோடின் 300 வரியையும் கொட்டாமல், அதே பிழை வரும் 10 வரியாகச் சுருக்குங்கள். சுருக்கும்போதே பல சமயம் விடை அகப்பட்டுவிடும்.

"கூட்டல் வேலை செய்யவில்லை" என்றால் யாருக்கும் புரியாது. "இன்புட்டில் வாங்கிய வயதோடு 1 கூட்டினால் டைப்எரர் வருகிறது" என்று எழுதுங்கள் (டைப்எரர் என்றால் மதிப்புகளின் வகை பொருந்தாத பிழை). இன்புட் தருவது எழுத்துச்சரம் (எண்ணாக அல்ல, எழுத்துகளாக வரும் மதிப்பு), இன்ட் போட்டு எண்ணாக மாற்றுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

பதில் சொல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "கூகுளில் தேடு" என்று விரட்டாதீர்கள். எந்தச் சொல்லைத் தேடுவது என்பதே புதியவருக்குத் தெரியாது. அந்தச் சொல்லையாவது கொடுங்கள்.