மலைமேல் பதினான்கு நாள்: ஆயுர்வேத ரிசார்ட் கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஓர் ஆயுர்வேத ரிசார்ட்டில் ஒன்பது ஆண்டுகள் மருத்துவராக இருந்தேன். நீலகிரியில் தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சென்னை வாசகர்: டாக்டர், எனக்கு மூன்று நாள்தான் விடுப்பு கிடைக்கும். ‘மூன்று நாள் பஞ்சகர்மா’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். போகலாமா?

தாராளமாகப் போங்கள், தம்பி. எண்ணெய் தேய்ப்பார்கள், நீராவியில் உட்கார வைப்பார்கள், நன்றாகத் தூங்கி எழுந்து வருவீர்கள். அதுவும் உடம்புக்குத் தேவைதான். ஆனால் அது பஞ்சகர்மா என்ற உடல் சுத்திகரிப்புச் சிகிச்சை ஆகாது. முதலில் சில நாள் மருந்து நெய், பிறகு எண்ணெயும் வியர்வையும், அதன்பின் பேதி, அதற்குப் பிறகு வயிற்றைக் கஞ்சியிலிருந்து மெல்ல மெல்லப் பழக்கிக் கொண்டுவருவது என்று படிப்படியாகப் போக வேண்டும். இதற்குக் குறைந்தது பதினான்கு நாள் ஆகும். இருபத்தொரு நாள் என்றால் மருத்துவருக்கும் நிம்மதி. ஓய்வுக்காகப் போகிறீர்களா, சிகிச்சைக்காகப் போகிறீர்களா என்பதை அறை பதிவு செய்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக்கி விற்பவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு.

திருச்சி வாசகி: வெறும் வயிற்றில் நெய் குடிக்கச் சொல்வார்களாமே, டாக்டர். நினைத்தாலே குமட்டுகிறது. கொலஸ்ட்ராலும் கொஞ்சம் இருக்கிறது.

சிநேகபானம் என்று அதற்குப் பெயர். விடியற்காலையில், முதல் நாள் சிறு அளவில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுவோம். மூன்று முதல் ஏழு நாள் வரை போகும். குடித்த பிறகு நன்றாகப் பசி எடுக்கும்வரை வெந்நீர் மட்டும்தான். கசப்பு நெய்தான் பலருக்குச் சிரமம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெந்நீரால் வாய் கொப்பளித்து, கொஞ்சம் நடந்தால் குமட்டல் அடங்கும். படுத்தால் கூடும்.

கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பதால் மட்டும் மறுப்பதில்லை. ஆனால் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் நெய் தரும் இடத்தில் ஒரு நாள்கூடத் தங்காதீர்கள். பித்தப்பையில் கல்லோ கல்லீரலில் கோளாறோ இருந்தால் நான் கொடுத்ததில்லை. நெய் இல்லாமலே செய்யக்கூடிய சிகிச்சைகள் எத்தனையோ இருக்கின்றன.

மதுரை வாசகர்: வயது 61, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அங்கே போனால் ஆங்கில மருந்துகளை நிறுத்தச் சொல்வார்களா? சொல்லாமல் தொடர்ந்து போட்டுக்கொண்டால் என்ன?

ஐயா, சொல்லாமல் போடவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது.

எங்களிடம் ஒருவர் வந்திருந்தார். மூட்டு வலி. முதல் நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்று சொன்னார். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்ததை மறைத்துவிட்டார். நிறுத்தச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். நெய் குடித்த இரண்டாம் நாள் காலை, வெறும் வயிற்றில் அந்த மாத்திரையையும் போட்டிருக்கிறார். பதினொரு மணிக்குத் தெரபிஸ்ட் பையன் அறைக்குள் போனபோது அவர் ஸ்வெட்டரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜனவரிக் குளிர். அந்தக் குளிரில் அவர் நெற்றி முழுக்க வியர்வை, சட்டைக் காலர் நனைந்திருந்தது. பையன் கெட்டிக்காரன், ஓடி வந்தான். சர்க்கரை 48, ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, கால் மணிக்கொரு முறை பார்த்துப் பார்த்து மீட்டோம். அந்தப் பையன் அரை மணி தாமதமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

சர்க்கரையைக் கீழே இறக்கும் சில மாத்திரைகளும் இன்சுலினும் பட்டினியோடு சேர்ந்தால் ஆபத்து. அதனால் உங்களுக்கு வழக்கமாக மருந்து தரும் மருத்துவரிடம் ‘இத்தனை நாள் உணவு குறையும்’ என்று முன்கூட்டியே சொல்லி, அளவை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் அப்படியே கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, தைராய்டு, இரத்த அழுத்தம், தூக்க மாத்திரை எதையும் விடாதீர்கள். மதுப் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாங்கள் யாரையும் தீர்ப்பிட உட்கார்ந்திருக்கவில்லை.

ஈரோடு வாசகி: என்னைவிடச் சின்னப் பெண்கள் எண்ணெய் தேய்ப்பார்கள் என்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது, அக்கா. அந்த அறைக்குள் என்னதான் நடக்கும்?

பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். அதில் மாற்றம் இருக்கவே கூடாது. பழையபடி செய்கிற இடங்களில் மரத்தோணியில் படுக்க வைப்பார்கள். எண்ணெய் வழிந்து ஓட அதில் வாட்டம் இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், தோளிலிருந்து விரல்வரை கையை ஓட்டுவார்கள். மலையில் எண்ணெய் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் மூலையில் சின்ன அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஒருவர் கிண்ணத்தை மாற்றி மாற்றிச் சூடாக்கித் தருவார். சூடு பற்றவில்லை என்றால் உடனே கேளுங்கள். ஆறிய எண்ணெயைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை. முடிந்ததும் பச்சைப்பயறு மாவு தேய்த்து வெந்நீர்க் குளியல். தலை துவட்டியபின் உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதி சூரணம் தேய்ப்பார்கள், சளி பிடிக்காமல் இருக்க. கூச்சம் முதல் நாளோடு போய்விடும், அம்மா.

மாதவிலக்கு நாள்களில் எண்ணெய்ச் சிகிச்சையை நிறுத்திவைப்போம். தேதியைக் கணக்குப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ வர வேண்டாம்.

கோவை வாசகர்: அம்மாவுக்கு 74 வயது. மலை உயரம் ஒத்துக்கொள்ளுமா? எப்படி அழைத்துப் போவது?

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் வரும். இதயம், நுரையீரல் நோய் இல்லாதவர்களுக்குப் பயம் வேண்டாம். வளைவுகளில் வரும் வாந்திதான் தொல்லை. முன் இருக்கை, வயிறு நிறையாத காலை உணவு, மெதுவாக ஓட்டும் டிரைவர் இருந்தால் போதும். குன்னூர்ப் பக்கம் தங்குவதாக இருந்தால் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறலாம். மழைக் காலத்தில் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

காரில் போனால் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போனால் பாஸ் வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்தில் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகி: எந்த மாதம் நல்லது?

சிகிச்சைக்கு என்றால் பிப்ரவரி, மார்ச், இல்லாவிட்டால் ஆகஸ்ட், செப்டம்பர். கேரள மரபில் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, விசேஷம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நேராகத் தாக்கும். சாலையில் மண் சரியும். ஏப்ரல், மே கூட்டம்.

தஞ்சாவூர் வாசகர்: பத்து நாளில் எவ்வளவு எடை குறையும்?

இரண்டு, மூன்று கிலோ குறையலாம். அதில் பெரும்பகுதி நீர். எடைக்காக மட்டும் அவ்வளவு பணம் செலவழிக்க வேண்டாம்.

வேலூர் வாசகி: இடையில் ஊட்டி வர்க்கி ஒன்றிரண்டு சாப்பிட்டால் பரவாயில்லையா?

வேண்டாம், அம்மா. மைதாவும் கொழுப்பும். கஞ்சியில் இருக்கும் வயிறு தாங்காது. திரும்பும்போது பிள்ளைகளுக்கு வாங்கிப் போங்கள். மலைக் கேரட், பீன்ஸ், பீட்ரூட் அன்றைக்குப் பறித்ததாகத் தட்டுக்கு வரும். உப்பு குறைவாகப் போட்டு வேகவைத்த அந்தக் கேரட்டுக்குத் தனி இனிப்பு உண்டு.

புதுச்சேரி வாசகர்: விடியற்காலை நடைப்பயிற்சி போகலாமா?

நன்றாக வெளுத்த பிறகு போங்கள். தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடும் கரடியும் நடமாடும். பனிமூட்டத்தில் காட்டுமாடு பத்தடி தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். காவலாளி போக வேண்டாம் என்றால் போகாதீர்கள்.

நாகர்கோவில் வாசகி: நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொலைபேசியில் மருத்துவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர்தான் பேசுவார் என்றால் வேறு இடம் தேடுங்கள். மருத்துவர் ஆயுர்வேதத்தில் பி.ஏ.எம்.எஸ். அல்லது இயற்கை மருத்துவத்தில் பி.என்.ஒய்.எஸ். முடித்தவரா? இரவில் அங்கேயே தங்குகிறாரா? அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, எவ்வளவு நேரம்? இந்த மூன்றையும் கேளுங்கள். உள்ளே தரும் மருந்துகளின் பெயர்களை எழுதிக் கேட்டு வாங்குங்கள். பாதரசம், ஈயம் சேரும் ரச மருந்துகள் உண்டு; விவரம் தெரியாமல் விழுங்கக் கூடாது. ‘எந்த நோயும் குணமாகும்’ என்று சொல்லும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: ஞாயிறு இரவு வீடு திரும்பி, திங்கள் காலை கம்பெனிக்குப் போய்விடலாமா?

பதினான்கு நாள் சிகிச்சை என்றால் இன்னும் பதினான்கு நாள் அடக்கமாக இருக்க வேண்டும். மலையாளத்தில் இதை ‘நல்லிரிக்க’ என்பார்கள். வேலைக்குப் போகலாம். ஆனால் இரவு ஷிப்ட், வெயிலில் அலைச்சல், பகல் தூக்கம், ஏசிக்கு நேராக உட்காருவது, ஓட்டல் சாப்பாடு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். முதல் வாரம் குழைந்த சோறு, பாசிப்பருப்பு, மிளகு ரசம். கொடுத்தனுப்பும் கஷாயத்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, வெந்நீர் கலந்து குடியுங்கள். உங்கள் ஊரில் சாயப்பட்டறையில் நிற்கிற வேலை என்றால், புதன்கிழமை சேருவதாக முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.