ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தாவும்போது விழுந்தவருக்குக்கூட 'ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்' மதிப்பெண் அதிகம் கிடைக்கிறதே, எப்படி?

கும்பகோணத்தில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவிகளோடு உட்கார்ந்து ஸ்கேட்டிங் பார்க்கும்போது அவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

தாவலுக்குத் தனிக் கணக்கு உண்டு. விழுந்தால் அங்கே புள்ளி போய்விடும். ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ், ஆட்டம் முழுக்கக் கால் பனியில் எப்படி ஓடுகிறது என்பதற்கான மதிப்பெண். 2022-23 சீசனிலிருந்து ஆட்டத்தின் பொதுத் தரத்துக்குக் காம்போசிஷன் (ஆட்ட அமைப்பு), பிரசன்டேஷன் (வெளிப்பாடு), இது என மூன்றே பிரிவுகள், ஒவ்வொன்றும் 10-க்கு. விழுந்தவருக்கு உச்ச மதிப்பெண்கள் தரக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் முழங்கால். பரதத்தில் முழங்காலை மடக்கி நிற்கும் எங்கள் அரைமண்டி மாதிரிதான்: முழங்கால் மடங்காத உடம்பில் மற்றதெல்லாம் ஒட்டாது. அப்புறம் காலணிக்கு அடியில் இருக்கும் பிளேடு. அதன் அடிப்பக்கம் நடுவில் குழிந்திருப்பதால் உள், வெளி என இரண்டு விளிம்புகள். தேர்ந்தவர் ஒரு விளிம்பின் மேல் உடம்பையே சாய்த்துப் போவார். பனியில் ஒற்றைக் கோடு வளைந்து விழும். தேறாதவர் தட்டையாகப் போவார். இரண்டு கோடு விழும், கரகரவென்று சத்தமும் கேட்கும். 'ராக்கர்' திருப்பத்தில் இது நன்றாகத் தெரியும். வெளி விளிம்பில் முன்னால் போகிறவர், திரும்பிப் பின்னால் போகும்போதும் அதே வெளி விளிம்பில் இருக்க வேண்டும். வளைவு மட்டும் மறுபக்கம் மாறும். திரும்புவதற்குச் சற்று முன்பே விளிம்பை மாற்றிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஸ்லோ மோஷனில் மாட்டிக்கொள்வார்கள்.

வேகத்தைத்தான் டிவியில் கணிக்க முடியாது. கேமராவும் கூடவே ஓடுவதால் எல்லோரும் ஒரே வேகம் போலத் தெரியும். பின்னால் சுற்றுத் தடுப்பில் உள்ள விளம்பரங்கள் எவ்வளவு விரைவாக நகர்கின்றன என்று பாருங்கள். 60 மீட்டர் நீளத் தளத்தைக் கடக்க எத்தனை முறை உந்துகிறார் என்றும் பாருங்கள். ஜப்பானின் கயோரி சகமோட்டோ சில உந்தல்களிலேயே பறப்பார்.

நடுவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மூன்று பிரிவு மதிப்பெண்களும் பெரும்பாலும் ஒட்டினாற்போலவே வருகின்றன. பெயர் பெற்றவருக்கு மூன்றும் ஏறும், புதியவருக்கு மூன்றும் இறங்கும். கால் வேலையை மட்டும் பார்க்கத் தனி நடுவர்களைப் போடலாம்.

இப்படிப் பார்த்துப் பழக வேண்டுமென்றால் அமெரிக்க வீரர் ஜேசன் பிரவுனின் ஆட்டங்களைப் பாருங்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நான்கு சுற்றுத் தாவல் ஒன்றுகூட இல்லாமல் ஆறாம் இடம் பிடித்தவர். முதல் தடவை இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள்.