லீஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் வாடகைக்கு இருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

கண்டியில் அபார்ட்மென்ட் ஒன்றில் இரண்டு வருட லீஸில் இருப்பதாகவும், லீஸ் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்க, வீட்டுக்காரர் காரணம் எதுவும் சொல்லாமல் "இனிப் புதுப்பிக்கிற யோசனை இல்லை" என்று சொல்லிவிட்டதாகவும் கேட்டவர் எழுதியிருக்கிறார். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் சொல்லாமலே அவர் மறுக்கலாம். புதுப்பித்துத் தந்தே ஆகவேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த வழியில்லை, உங்கள் லீஸ் உறுதியிலேயே (பத்திரத்திலேயே) அப்படி ஒரு வாசகம் இருந்தால் ஒழிய. இப்படிச் சொன்னதும் "1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்பார்கள். அந்தச் சட்டம் ஒரு காலத்தில் வாடகைக்காரரைத் தூக்கி நிறுத்தியது உண்மைதான். ஆனால் 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு அதன் பாதுகாப்பு பெரும்பாலும் பழைய வாடகைக்காரரோடு நின்றுவிட்டது. போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்தவர் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நான் சட்டத்தரணி இல்லை, டீச்சர். சட்டத்தரணியிடம் பணம் கட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் என் தலையில் விழுந்ததையும்தான் எழுதுகிறேன்.

ஆனால் லீஸ் முடிகிறது என்பது வேறு, உங்களை வெளியே போடுவது என்பது வேறு. வீட்டுக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிப் பேசியே நம்மைப் பயப்படுத்திவிடுகிறார்கள். லீஸ் முடிந்தும் நீங்கள் வீட்டில் இருந்தால், அவர் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்கி, பிஸ்கால் (தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற உத்தியோகத்தர்) மூலமாகத்தான் உங்களை எழுப்பலாம். பூட்டை மாற்றுவது, சாமான்களை முற்றத்தில் அடுக்குவது, தண்ணீரை, கரண்டை நிறுத்துவது எதற்கும் அவருக்கு அதிகாரம் கிடையாது. அவர் பெயரில் உறுதி இருந்தாலும் கிடையாது.

அடுத்தது, உங்கள் கையில் இருப்பது என்ன கடதாசி என்று எடுத்துப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட லீஸ் என்றால் உறுதி எழுதிச் சான்றளிக்கும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சியோடு எழுதியிருக்க வேண்டும் என்கிறது அது. நம் பக்கத்தில் பலர் நொத்தாரிசுக்கும் முத்திரைக்கும் ஆகிற செலவைப் பார்த்து, டைப் பண்ணிய தாளில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தத் தாளில் இரண்டு வருடம் என்று இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் நீங்கள் மாத வாடகைக்காரர். இதனால் நட்டமும் உண்டு, இரண்டு வருடம் முடியுமுன்பே அவர் எழும்பச் சொல்லலாம். ஆனால் தாளில் உள்ள திகதி வந்துவிட்டது, நாளைக்கே போ என்றும் சொல்ல முடியாது. முழுதாக ஒரு கலண்டர் மாத அறிவித்தல் தர வேண்டும், அது ஒரு மாதக் கடைசியோடு முடிய வேண்டும். ஐந்தாம் திகதி கடிதம் கொடுத்து அந்த மாதம் முப்பதாம் திகதி போ என்றால் அது செல்லாது.

இந்த ஒரு விஷயம்தான் என்னைக் காப்பாற்றியது.

நுவரெலியா மாவட்டம். எந்த டவுன் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அந்த ஆளை ஊரே அடையாளம் கண்டுவிடும், எனக்கு அது வேண்டாம். கணவர் கட்டாரில். நானும் மகனும் மாமியாரும் ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தோம். கீழே வீட்டுக்காரரின் கடை. வாடகை ஒரு மாதமும் பிந்தவில்லை, எல்லாம் பேங்க் மூலமாகவே போட்டேன், ஸ்லிப் ஒவ்வொன்றும் ஒரு பைலில் இருக்கிறது. ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது. மார்ச் நடுவில் மனுஷன் படியேறி வந்தார்.

"டீச்சர், சீசனுக்கு ஆளுங்க கேட்டுட்டாங்க. அக்ரிமென்ட்டும் முடியுதுதானே, நீங்க வேற இடம் பாத்துக்குங்க."

மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சீசன் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஏப்ரலில் கொழும்பு கொதிக்கிற நேரம் எல்லோரும் நுவரெலியாவுக்கு ஏறி வருவார்கள். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு. ஹோட்டல்களில் அறை கிடைக்காது. அப்போது டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வைத்திருப்பவர்கள் நாள் வாடகைக்கு விட்டு, எங்களைப் போன்றவர்கள் மாதம் முழுக்கத் தருகிற காசைச் சில நாளிலேயே எடுத்துவிடுவார்கள். வருடா வருடம் பெப்ரவரி, மார்ச்சில் வாடகை வீட்டுக்காரருக்குத் திடீரென்று "மகளுக்குக் கல்யாணம்", "திருத்த வேலை இருக்கு" என்று காரணங்கள் வருவது இதனால்தான். கண்டியில் உங்கள் வீட்டுக்காரரின் காரணம் வேறாக இருக்கலாம். எசல பெரஹர ஊர்வலத் திருவிழாக் காலத்தில் அங்கேயும் இதே கதை நடக்கும் என்று என்னோடு படிப்பிக்கிற கண்டிக்காரர் சொல்லியிருக்கிறார்.

நான் ஒரு மாத அறிவித்தல் எழுத்தில் தரச் சொன்னேன். தந்தார், கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், மார்ச் 31க்கு முன் போக வேண்டும் என்று. அந்தத் தாளைத்தான் சட்டத்தரணியிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, நொத்தாரிசு உறுதி இல்லை, அப்படியானால் மாத வாடகை, மார்ச் நடுவில் கொடுத்த அறிவித்தல் ஏப்ரல் 30க்கு முன்னால் முடியாது என்றார். வீட்டுக்காரருக்கு வேண்டியது ஏப்ரல். எனக்குச் சட்டம் கொடுத்ததும் அதே ஏப்ரல்.

"ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்துவிட்டுப் பெருமை பேசுகிறாய்" என்று சொல்ல வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லா வீட்டுக்காரர்களும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் மாமாவே பண்டாரவளையில் ஒரு அனெக்ஸ் வாடகைக்கு விட்டிருக்கிறார், வாடகைக்காரரால் அவர் பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனுஷன் ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் நான் தாராளமாக வேறு வீடு பார்த்திருப்பேன். சீசன் நேரத்தில் டவுனில் வாடகைக்கு வீடு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாததா?

சட்டத்தரணியின் கடிதம் போன மறுநாள் தண்ணீர் நின்றது. மேலே தாங்கிக்குப் போகிற குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. அதை மூடியது மட்டுமில்லாமல், அதன் சிவப்புக் கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. மாமியார் குறடு கொண்டுவா, திருப்பிவிடலாம் என்றார். நான் விடவில்லை, போட்டோ எடுத்தேன். மாமியாருக்கு நீரிழிவு, இரவில் பல தடவை எழும்புகிறவர். பக்கத்து வீட்டு அக்கா வாளி வாளியாகத் தந்த தண்ணீரில் சமாளித்தோம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பொலிஸுக்குப் போனேன். வழக்கம் போல "இது சிவில் பிரச்சினை, நீதிமன்றத்துக்குப் போங்க" என்றார்கள். அப்படிச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். முறைப்பாட்டைப் பதியச் சொல்லிக் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, சட்டத்தரணிகள் "66 வழக்கு" என்பார்கள். காணி, வீடு சம்பந்தமான தகராறில் சமாதானம் குலையும் என்ற நிலை இருந்தால் பொலிஸே நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம், அல்லது நாமே சட்டத்தரணி மூலம் போடலாம். பலவந்தமாக வெளியே போடப்பட்டவர் என்றால், வழக்குப் போடுவதற்கு முந்தின இரண்டு மாதத்துக்குள் அது நடந்திருக்க வேண்டும். நடந்திருந்தால் திரும்ப உள்ளே விடும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். "பார்ப்போம், பேசித் தீர்ப்போம்" என்று அந்த இரண்டு மாதத்தை வீணாக்காதீர்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நான் தமிழில்தான் தருவேன் என்று உட்கார்ந்திருந்தேன். 1987இலேயே 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு உத்தியோகத்தரைக் கூப்பிட்டார்கள். உங்களுக்குப் புரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்த முறைப்பாட்டு இலக்கம் போதுமாக இருந்தது. பொலிஸிலிருந்து ஒரு போன் போனதும் கைப்பிடி திரும்ப வந்தது.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பிறகு வீடு தேடிப் போன இடமெல்லாம் முதல் கேள்வி, "டீச்சர் எந்தத் தோட்டம்?" என்பதுதான். எங்கள் அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் "யோசிச்சுச் சொல்றோம்" என்கிறவர்களும் தமிழர்கள்தான், அவர்களுடைய தாத்தாவும் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்தவர்தான். லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் அது கம்பனி வீடு, கையில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. அங்கிருந்து படித்து டவுனுக்கு வந்தால் டவுனிலும் இந்தக் கேள்வி.

வீடு கிடைத்தாலும் வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) பெயர் போட விடமாட்டார்கள். பத்து வருடம் இருந்தால் வீட்டையே எழுதி எடுத்துவிடுவான் என்ற பயம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புச் சட்டத்தில் பத்து வருடக் கணக்கு இருக்கிறது, ஆனால் அது உரிமையாளருக்கு எதிராகத் தன் சொத்து என்று வைத்திருப்பவருக்கு. அவருடைய அனுமதியோடு வந்து மாதம் மாதம் வாடகை கட்டுகிறவர் அப்படிப்பட்டவர் இல்லை. இந்த வீண் பயத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை, இடாப்பிலும் பெயர் இல்லை. பிறகு முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போனால் ஐந்து வருட வாக்காளர் இடாப்பைக் கேட்கிறார்கள். வாடகை வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? கேட்டவர் பிள்ளையின் வயதை எழுதியிருந்ததால்தான் இதைச் சொல்கிறேன். கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே போய்ப் பேசுங்கள். குடியிருக்கிற இடத்தில் வாக்காளராகப் பதிவது உங்கள் உரிமை, வீட்டுக்காரர் தருகிற சலுகை இல்லை.

சரி, உங்கள் விஷயம். அபார்ட்மென்ட் என்பதால் நொத்தாரிசு உறுதியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் என் கதையில் வந்த ஏப்ரல் 30 உங்களுக்கு உதவாது, உறுதியில் உள்ள திகதிதான் திகதி. அதற்கு மேலும் இருந்தால், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. லீஸுக்குக் கொடுத்த கட்டடத்தின் உடைமையை மீளப்பெறுவதற்கென்றே கொண்டுவந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க நடைமுறையில் வழக்குப் போகும், முன்பு போல வருடக்கணக்கில் இழுக்க முடியாது. உறுதியில் "திகதிக்குப் பிறகு இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு" என்று ஒரு வாசகம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அந்தக் காசு உங்கள் முற்பணத்திலிருந்து கழிந்துவிடும். ஆகவே வம்புக்கு நிற்கச் சொல்ல மாட்டேன். பிள்ளையின் தவணை முடியும்வரை இரண்டு மூன்று மாதம் நீடித்துத் தரும்படி இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், வாடகை கொஞ்சம் கூட்டித் தரலாம் என்றும் சொல்லுங்கள். வழக்குச் செலவையும் அலைச்சலையும் அவரும் யோசிப்பார். அவர் ஒப்புக்கொண்டால் அதையும் எழுத்தில் வாங்குங்கள், வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜை நம்ப வேண்டாம். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் செய்து தருவார்கள். மத்தியஸ்த சபையிலும் பேசலாம், அங்கே சட்டத்தரணியே தேவையில்லை.

முற்பணத்தில்தான் கவனம் வேண்டும். மலைநாட்டு வீடுகளில் அலுமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் பிடிக்காத வீடு ஏது? என்னுடைய வீட்டுக்காரர் அதைக் காட்டித்தான் பெயின்ட் செலவு என்று பெரிய தொகையைக் கழிக்கப் பார்த்தார். குடிவந்த அன்றைக்கே அதே சுவரைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பி வைத்திருந்தேன், அப்போதே ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அந்தப் போட்டோவைக் காட்டியதும் பேச்சு நின்றது. மழைக்கும் பனிக்கும் சுவர் கறுப்பது சாதாரணத் தேய்மானம், நாம் உடைத்ததற்குத்தான் நாம் பொறுப்பு. மீற்றர் வாசிப்பு, கடைசி கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, சாவி கொடுக்கிற அதே நேரத்தில் மிச்சப் பணத்தையும் வாங்கிவிடுங்கள். "அடுத்த கிழமை போட்டுவிடுகிறேன்" என்றால் அதையும் திகதியோடு அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.