பிட்ஸ்பர்க்கில் பையனை ஃபுட்பாலில் சேர்ப்பதா? ஒரு பழைய ஆளின் பதில்

தம்பி, பிட்ஸ்பர்க்குக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, எட்டாம் வகுப்புப் பையன் பள்ளி ஃபுட்பால் குழுவில் (நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவனை மோதி விழுத்துகிற அமெரிக்க ஆட்டம்) சேர்ந்தே தீருவேன் என்கிறான், சேர்க்கலாமா, பிற்காலத்தில் இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீடு எங்கே பார்ப்பது, குளிருக்கு எந்தக் கோட்டு, கார் இன்சூரன்ஸ் ஏன் இந்த விலை என்றும் கேள்விகள். கோட்டுக்கும் இன்சூரன்சுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரை நம்பாதீர்கள், வீட்டை ஆபீசுக்குப் பக்கத்தில் பாருங்கள். அவ்வளவுதான். எனக்குப் பையன் விஷயம்தான் முக்கியம்.

நான் வந்தது 2001 ஜனவரியில். கிரீன்ஃபீல்டில் மலைச்சரிவில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷன். ஒரு பழைய கார் வாங்கிய மறுநாளே கணுக்காலுக்கு மேல் பனி. தெருவில் ஓர் இடம் மட்டும் சுத்தமாக வாரியிருந்தது, நடுவில் ஒரு மடக்கு நாற்காலி. யாரோ மறந்து விட்டுப் போயிருக்கிறார்கள் என்று அதை ஓரமாக வைத்துவிட்டு வண்டியை நிறுத்தினேன். கால் மணி நேரத்தில் கதவை உடைக்கிற மாதிரி ஒரு தட்டல். கறுப்பு மஞ்சள் ஜாக்கெட்டில் எழுபது வயதுப் பெரியவர். அவர் பேசிய இங்கிலீஷ் பாதி புரியவில்லை. வாய்க்கு வாய் 'யின்ஸ்' என்றார், அது கெட்ட வார்த்தை என்றே நினைத்தேன். இந்த ஊர்ப் பேச்சில் 'நீங்கல்லாம்' என்று அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. பனியை வாரியவனுக்கே அந்த இடம், நாற்காலிதான் அவன் பட்டா. சட்டத்தில் கிடையாது, ஊர்க்கட்டுப்பாடு.

மன்னிப்புக் கேட்டு, வண்டியை எடுத்து, அவருடைய வாசலையும் சேர்த்து வாரிக் கொடுத்தேன். அந்த வருடம் பிப்ரவரி 11 ஞாயிறு காலை அவரே என்னை எழுப்பி மவுண்ட் வாஷிங்டன் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதிரே ஆற்றங்கரையில், இந்த ஊர்த் தொழில்முறை ஃபுட்பால் குழுவான ஸ்டீலர்ஸ் ஆடிவந்த த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, புழுதிதான் மிச்சம். பெரியவர் கையுறையால் கண்ணைத் துடைத்தார். அவர் வேலை பார்த்த ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையை 1986-ல் மூடியபோதுகூட அழவில்லையாம். இந்த ஊருக்கு ஸ்டீலர்ஸ் குழு என்றால் என்ன என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

நம்மவர்களில் இது உறைக்காமலே இருபது வருடம் ஓட்டியவர்கள் உண்டு. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடுகிற சனிக்கிழமை பாட்லக், புளியோதரை, கிரீன் கார்டு பேச்சு. இதுவும் ஒரு விளையாட்டா, முட்டிக்கொண்டு விழுகிறார்களே என்பார்கள். காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குகிற ஊரிலிருந்து வந்துவிட்டு இந்தப் பேச்சு. (ஃபுட்பால் லீக்கின் வருடாந்தர இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நடக்கிற சாயங்காலம் கோயிலில் கார் நிறுத்த தாராளமாக இடம் கிடைக்கும், அது வேறு.)

பெரியவர் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது ஸ்டீலர்ஸில் பந்து பிடிக்கிற ஆட்டக்காரர் ஹைன்ஸ் வார்டை வைத்து. 1976-ல் சியோலில் பிறந்தவர். அம்மா கொரியாக்காரி, அப்பா அமெரிக்கச் சிப்பாய், கறுப்பர். குழந்தையோடு இங்கே வந்ததும் திருமணம் முறிந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்று பையன் அப்பா வீட்டுப் பக்கம் போய்விட்டான். ஏழு வயதில்தான் ஜார்ஜியாவில் மறுபடி அம்மாவிடம் வந்து சேர்ந்தான். அந்த அம்மாள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலை பார்த்து வளர்த்தார். ஒருநாள் காரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும்போது, கூட்டாளிகள் அம்மாவைப் பார்த்துவிடக் கூடாதே என்று பையன் சீட்டில் குனிந்துகொண்டான். இறங்கித் திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருக்கிறார். வார்டே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னது இது. பிறகு தன் பெயரைக் கொரிய எழுத்தில் கையில் பச்சை குத்திக்கொண்டார்.

1998 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களைக் குழுக்கள் முறைவைத்துப் பொறுக்கும்போது, ஸ்டீலர்ஸ் அவரை எடுத்தது மூன்றாம் சுற்றில், 92-ஆவது ஆளாக. இடது முழங்காலில் ஒரு முக்கியமான தசைநாரே இல்லை என்று அதற்கு முன் டாக்டர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் காலோடுதான் பதினான்கு சீசன், சரியாக 1000 பந்து பிடித்தார். 2006 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் சியாட்டிலை 21-10 என்று ஜெயித்த சூப்பர் பவுலில் ஆட்ட நாயகனும் அவர்தான். ஏப்ரலில் அம்மாவோடு கொரியா போனார், தெருவே திரண்டது. அம்மாவோ மகன் கோடீஸ்வரன் ஆனபிறகும் பள்ளிக் கேன்டீன் வேலையை விடவில்லை. நல்ல பிள்ளை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சிரித்துக்கொண்டே மோதுவார். 2008-ல் அவர் மோதியதில் சின்சினாட்டிக்காரர் ஒருவரின் தாடை உடைந்தது. மறுவருடம் அப்படி மோதக் கூடாது என்று விதியையே மாற்றினார்கள், அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பிழைப்பு என்று கேட்டீர்களே. வார்டைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு தொழில்முறைக் குழுவில் 53 பேர்தான். கல்லூரியில் ஆடுகிற ஆயிரக்கணக்கானவர்களில் மிகச் சிலர்தான் உள்ளே நுழைகிறார்கள். நுழைந்தவருக்கும் சராசரி ஆட்ட ஆயுள் மூன்று வருடத்துக்குச் சற்று மேல் என்று வீரர் சங்கமே சொல்கிறது. ஆகஸ்ட் கடைசியில் ஆள் குறைக்கும்போது ஒருவர் வந்து, 'கோச் கூப்பிடுகிறார், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா' என்பாராம். பிளேபுக் என்றால் குழுவின் ஆட்ட வியூகங்கள் இருக்கிற புத்தகம். அதோடு கதை முடிந்தது. எனக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. வந்த ஐந்தாம் மாதம் என்னைக் கூட்டிவந்த கன்சல்டன்சிக்காரர்கள், 'லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஃபுட்பால்காரர்களாவது பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் வாங்குகிறார்கள். புராஜெக்ட் இல்லை என்று என்னைப் பெஞ்சில் போட்ட அன்றே சம்பளமும் நின்றது. அந்தக் கோடை முழுக்க அரிசியும் முட்டையும்தான். பக்கத்து வீட்டிலிருந்து வாரம் ஒரு தட்டு பியரோகி வரும். உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன். பெரியவரின் சாமி வார்டு இல்லை, மைக் வெப்ஸ்டர். 52-ஆம் எண், சென்டர். பந்தைக் காலிடுக்கில் பின்னால் கொடுத்த அடுத்த நொடி எதிரே நிற்கிற மலையோடு மோதவேண்டிய இடம் அது, ஒவ்வொரு தடவையும். கொட்டுகிற பனியிலும் அரைக்கையோடு நிற்பார். 1974-லிருந்து பதினைந்து வருடம் இங்கே, நான்கு சூப்பர் பவுல், 1997-ல் ஃபுட்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். ஆட்டத்தை விட்டபிறகு ஞாபகம் போனது, குடும்பம் போனது, பணம் போனது. தன் வண்டியிலும் ரயில் நிலையத்திலும் படுத்திருக்கிறார். 2002 செப்டம்பரில், ஐம்பதே வயதில் இறந்தார்.

இந்த ஊர் பிணவறையில் அவர் உடலைப் பரிசோதித்தவர் பென்னெட் ஒமாலு, நைஜீரியாவிலிருந்து வந்த டாக்டர். ஃபுட்பால் என்றால் என்னவென்றே தெரியாதவர். மூளை வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. இவர் விடவில்லை, கைக்காசு போட்டுத் திசுவைச் சீவிப் பார்த்தார். டாவ் என்ற புரதம் அங்கங்கே படிந்து கிடந்தது. 2005-ல் மருத்துவ இதழில் எழுதினார். லீக் தரப்பு டாக்டர்கள் கட்டுரையை வாபஸ் வாங்கு என்றார்கள். தலையில் அடி பட்டுப் பட்டு வருகிற இந்த மூளை நோயை, சிடிஇ என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும். பெரிய மயக்க அடிதான் கெடுதல் என்பதில்லை, தினமும் படுகிற சின்னச் சின்ன அடிகளும் சேரும். ஹெல்மெட் மண்டை ஓட்டைத்தான் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. பெரியவர் இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு இரண்டு ஞாயிறு டிவியே போடவில்லை. மூன்றாவது ஞாயிறு போட்டார்.

அதனால் மோதி விழுத்துகிற ஆட்டம் பதின்மூன்று வயதில் வேண்டாம். ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது. இடுப்பில் தொங்குகிற துணியை உருவினால் போதும், முட்டவேண்டியதில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் நான் செய்த மாதிரி செய்யாதீர்கள். என் பையன் இதே எட்டாம் வகுப்பில் கேட்டபோது, வெப்ஸ்டர் கதையை ஒரு மணி நேரம் சொல்லி முடியாது என்றேன். மறுநாளிலிருந்து, 'அப்பா, பள்ளிக்கு ஒரு தெரு முன்னாடியே இறக்கி விட்டுடுங்க' என்றான். வார்டின் அம்மா கதையை ஊரெல்லாம் சொன்னவன் நான், அன்றைக்குக் காருக்குள் எனக்கு வாய் வரவில்லை. மதிய உணவில் எந்த மேசையில் போய் உட்காருவது என்று தெரியாத பையன் அவன். குழுவில் சேர்ந்தால் மேசை நிச்சயம். என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். நான்கு வருடம் மிருதங்கம் கற்ற கை, ஃபுட்பால் ஆட்டத்தின்போது மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கிற பள்ளி மார்ச்சிங் பேண்டில் ஸ்னேர் டிரம்மைக் கொடுத்தார்கள். அதே மைதானம், அதே வெள்ளிக்கிழமை ராத்திரி, அதே கூட்டம்.

முதல் ஆட்டத்துக்குப் பெரியவரும் வந்தார். எண்பது தாண்டிவிட்டது. அலுமினியப் படிக்கட்டு குளிரில் உட்கார முடியாது என்று அந்த மடக்கு நாற்காலியையே தூக்கிவந்து ஓடுபாதை ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார். பாதி ஆட்ட இடைவேளையில் பேண்டு உள்ளே வந்தபோது, ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் சுழற்றுகிற மஞ்சள் துண்டைச் சுழற்றினார். ஆட்டம் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் போனபிறகு அவருடைய மகள் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

பையனை ஒரு ஞாயிறு வீட்டுக்குக் கூட்டிவாருங்கள். பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்கு ஆட்டம், சாப்பாடு இங்கேதான். பனி பெய்திருந்தால் வாசலில் நாற்காலி கிடக்கும். நகர்த்திவிட்டு வண்டியை நிறுத்துங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.